உப்புக் காற்றுக்கு ஏற்ற சிறு கத்தி: மூன்றை வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

நண்டு கொள்முதலுக்காக விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்திலிருந்து கிளம்பி, பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்டித் தங்கச்சிமடம் கரைக்குப் போய்வருபவன் நான். பணப்பையோடு தனியே போகும் அந்த நேரத்தில் இடுப்பில் ஒரு சிறு கத்தி இருப்பது நல்லது என்று தோன்றியது. மடக்குக்கத்தி வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தேன். ஈரக் கையால் அதைத் திறப்பதே பாடு, கீலுக்குள் மணலும் உப்பும் புகுந்துவிட்டால் திறக்கவே திறக்காது.

முதலில் இணையத்தில் வாங்கியது, கறுப்புப் பூச்சும் இருபுறக் கூரும் கொண்ட குத்துவாள் வடிவக் கத்தி. மூன்றாம் வாரம் அதைத் தோலுறையிலிருந்து உருவியபோது, பூச்சு உரிந்த ஓரத்தில் கடுகளவில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது. அலகிலோ ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தார்கள். எஃகில் கலந்துள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமாகப் படிவதால்தான் துரு அண்டுவதில்லை. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையே அங்கங்கே துளைத்துவிடும். தோலுறை உப்பு ஈரத்தை உறிஞ்சி, அலகோடு ஒட்டவைத்து இரவெல்லாம் அந்த வேலையைச் செய்கிறது. அதைவிட மோசமான குறை பிடியில் இருந்தது. விரல் நழுவாமல் தடுக்கும் மேடு இல்லாததால், நண்டுக் கூடையின் கயிற்றை அறுக்கும்போது வழவழத்த கை முன்னேறி ஆள்காட்டி விரல் அலகில் பட்டு, இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. பதற்றமில்லாத வேளையிலேயே இப்படியென்றால், கை நடுங்கும் வேளையில் அந்தக் கத்தி முதலில் வெட்டுவது வைத்திருப்பவரைத்தான். விற்றவர்கள் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள்.

அடுத்தது, அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. லாரியின் வில்பட்டையை அடித்து நீட்டி, தோய்ச்சல் பார்த்து, நான்கு அங்குல அலகாக்கிக் கொடுத்தார்கள். கூர் நெடுநாள் நிற்கிறது, நைலான் கயிற்றை ஒரே இழுப்பில் அறுக்கிறது. துரு பிடிக்கத்தான் செய்கிறது; ஆனால் அது குழி விழாத மேல்துரு என்பதால், தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தினமும் துடைத்தால் போதும்.

மூன்றாவது, சுவீடனின் மோரா நிறுவனம் செய்யும் கம்பானியன் என்னும் கத்தி. துருப்பிடிக்காத எஃகில் வரும் வகை. அலகு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ரப்பர் போன்ற பிடி மீன் கொழுப்பிலும் வழுக்கவில்லை, விரலைத் தடுக்கும் மேடும் இருக்கிறது. இருபுறமும் அகலமான ஒரே சரிவாகச் சீவியிருப்பதால், அந்தச் சரிவைக் கல்லில் படியவைத்துத் தேய்த்தாலே கூர் ஏறிவிடும். சாணை பிடிக்கத் தெரியாதவரும் தீட்டலாம். பிளாஸ்டிக் உறையை ஒரே கையால் கழற்றி மாட்ட முடிகிறது. இந்தக் கரைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

தற்காப்பு என்று வாங்குவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். வீட்டுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்படாத கத்திகளில், அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டுபவற்றை ஆயுத விதிகள் ஆயுதமாகவே வகைப்படுத்துகின்றன. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன என்றாலும், தேவைக்கு மிஞ்சிய தீங்கை அவை அனுமதிப்பதில்லை. பணப்பையைப் பிடுங்க வந்தால் நான் பையைக் கொடுத்துவிடுவேன். ஓட வழியில்லாமல் பிடிபட்டால் மட்டுமே கத்தி. இருபுறக் கூர் கொண்ட குத்துவாளைச் சோதனையில் தொழிற்கருவி என்று விளக்குவது கடினம், கயிறறுக்கும் கத்தி அப்படியல்ல. தெருநாய்களுக்கோ டார்ச்சும் கம்புமே போதுமானவை; இந்த ஓராண்டில் கத்தியை நான் உருவியதெல்லாம் கயிற்றுக்கும் கூடைக்கும்தான்.

திருப்பாச்சேத்திக் கத்தி இப்போது கூடை கட்டும் இடத்தில் இருக்கிறது. மோராவை இடுப்பின் வலப்புறம், சட்டைக்குள் செருகிக்கொள்கிறேன். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைக்கிறேன்.