ஹெச்4 ஹெட்லைட் பல்ப்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

ஆல்டோ 800, பழைய ஸ்விஃப்ட், வேகன் ஆர், பொலேரோ என்று நம் சாலைகளில் ஓடும் ஏராளமான வண்டிகளின் ஹெட்லைட்டில் இருப்பது ஹெச்4 பல்ப்தான். ஒரே கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். வெளிச்சம் போதவில்லை என்று கடையில் கேட்டால் சாதாரண பல்ப், "பிளஸ் 130", "பிளஸ் 150" என்று அச்சிட்டது, நீலக் கண்ணாடி போட்டது, 100/90 வாட், எல்இடி என ஐந்து வகையை மேஜையில் வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சரியானது அந்த வரிசையிலேயே விலை குறைந்த சாதாரண 60/55 தான். ஃபிலிப்ஸ் 12342, ஓஸ்ராம் 64193 இரண்டில் எது அசலாகக் கிடைக்கிறதோ அதை ஜோடியாக வாங்குங்கள்.

இந்த இரண்டில் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டும் ஒரே ஐரோப்பிய விதிக்கு உட்பட்டுச் செய்யப்படுபவை. 13.2 வோல்ட்டில் பிரைட் 1650 லூமன் (வெளிச்சத்தின் அளவு), டிம் 1000 லூமன், 15 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது அந்த விதியின் கணக்கு. கவனிக்க வேண்டியது போலியைத்தான். அசல் பல்பின் உலோக அடிப்பகுதியில் ஹெச்4, 12 வோல்ட், 60/55 வாட் என்ற விவரமும், வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் அதையொட்டி ஓர் எண்ணும் தெளிவாகப் பதிந்திருக்கும். அதோடு நிற்காமல் பல்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழலுக்குள் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். இழை அந்தத் தகட்டின் மேல் கோணல் இல்லாமல் நேராகப் படுத்திருக்க வேண்டும். எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் கீழே வெட்டிவிடுவது அந்தத் தகடுதான். இழையோ தகடோ ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சாலையில் விழும் வெளிச்சத்தின் வடிவமே கெட்டுவிடும். மலிவு பல்ப் மாட்டிய வண்டி டிம்மில் வந்தாலும் எதிரே வருபவர் கண் கூசுவதற்கு இதுவே காரணம். குழலின் நுனியில் உள்ள கறுப்புப் பூச்சு திட்டுத்திட்டாக இருந்தாலும், அடிப்பகுதியைப் பிடித்து அசைக்கும்போது குழல் ஆடினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியில் உள்ள "பிளஸ் 130", "பிளஸ் 150" என்ற எண்ணைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மொத்த வெளிச்சம் இரண்டரை மடங்கு என்று அதற்கு அர்த்தம் இல்லை. 15 சதவீத வரம்பைத் தாண்ட அதே விதி விடாது. சாலையில் குறிப்பிட்ட சில புள்ளிகளில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. ஓஸ்ராம் நைட் பிரேக்கர் லேசர், ஃபிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம்விஷன் போன்றவற்றில் இழையை நெருக்கமாகச் சுற்றி, சூட்டைக் கூட்டி, வெளிச்சத்தைத் தேவையான இடத்தில் குவிக்கிறார்கள். பலன் கண்ணுக்குத் தெரிகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இழை அதிகச் சூட்டில் எரிவதால் ஆயுள் நன்றாகவே குறைகிறது. வாரம் தவறாமல் இரவில் நெடுஞ்சாலை ஓட்டுபவர் விரும்பி வாங்கலாம். ஊருக்குள் ஓட்டுபவருக்குப் பணத்துக்கு ஏற்ற பலன் இல்லை.

நீலப் பூச்சுள்ள பல்பை வாங்க வேண்டாம். பூச்சு வடிகட்டியபின் வெளியே வருவது முன்னைவிடக் குறைவான வெளிச்சம். வெள்ளையாகத் தெரிவதால் அதிகம் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். மழையில் நனைந்த தார்ச்சாலையில் அந்தக் குறை அப்பட்டமாகத் தெரியும்.

100/90 வாட் பல்ப் சாலையில் ஓடும் வண்டிக்கானதே அல்ல. கணக்குப் போட்டால் புரியும். 55 வாட் பல்ப் 12 வோல்ட்டில் இழுப்பது சுமார் 4.6 ஆம்பியர், 90 வாட் இழுப்பது 7.5 ஆம்பியர். கம்பெனி போட்ட மெல்லிய வயரும் பிளாஸ்டிக் ஹோல்டரும் அதற்கு ஏற்றவை அல்ல. ஹோல்டர் பழுப்பேறும், பிறகு உருகும். அதோடு ரிஃப்ளெக்டரின், அதாவது பல்பைச் சுற்றி இருந்து வெளிச்சத்தை முன்னே திருப்பும் கிண்ணத்தின், வெள்ளி நிறப் பூச்சும் மங்கத் தொடங்கிவிடும். பூச்சு போனால் மொத்த ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டியதுதான். பல்பின் விலை எங்கே, அதன் விலை எங்கே!

எல்இடி விஷயத்தில் வாக்குவாதம் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண ஹெச்4 ஒரு ஹாலஜன் பல்ப். அதன் இழை ஒரு சிறு கம்பிச்சுருள். சுற்றிலும் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். ரிஃப்ளெக்டரின் வளைவை அந்தச் சுருளின் இடத்தையும் நீளத்தையும் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். எல்இடி பல்பில் சில்லுகள் தட்டையான தண்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும். இடம் கொஞ்சம் மாறினாலும், தண்டு தடித்திருந்தாலும், வண்டிக்கு முன்னால் பக்கத்திலேயே வெளிச்சம் கொட்டி, தூரத்தில் இருட்டாகிவிடும். பக்கத்துச் சாலை பளீரென்று இருப்பதால் கண்ணும் அதற்கே பழகி, தூரத்தில் நடந்து வருபவர் தெரியாமல் போகிறார். எல்இடி பல்பின் பின்பக்கம் உள்ள விசிறியோ வெப்பம் கடத்தும் உலோகமோ ஹெட்லைட்டின் பின்புற ரப்பர் கவரை மூடவிடாது. கவரை வெட்டிவிட்டு மாட்டுகிறார்கள், முதல் மழையிலேயே உள்ளே நீர் கோக்கிறது. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி உண்டு. அதுவும் பட்டியலில் உள்ள குறிப்பிட்ட கார், குறிப்பிட்ட ஹெட்லைட்டுக்கு மட்டும். ஹாலஜனுக்கென்று செய்த ஹெட்லைட்டில் ஏதோ ஒரு எல்இடியைச் செருகுவதை அதோடு ஒப்பிட முடியாது.

புது பல்புக்குக் காசு கொடுப்பதற்கு முன் வோல்ட்டேஜைப் பார்த்துவிடுங்கள். மங்கலான ஹெட்லைட்டுக்குப் பல நேரம் காரணம் பல்பே இல்லை. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டும். பிறகு டிம் எரியும் நிலையில் பல்பில் செருகியிருக்கும் கனெக்டரின் (ஹோல்டர் என்பதும் இதையே) பின்பக்கமாக, டிம்முக்கான முனைக்கும் பொது முனைக்கும் நடுவே அளவிடுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் துருப்பிடித்த எர்த் இணைப்பு, தளர்ந்த கனெக்டர், தேய்ந்த ஸ்விட்ச் இவற்றில் ஒன்று வெளிச்சத்தைத் தின்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முறுக்கினாலே பல வண்டிகளில் வித்தியாசம் தெரியும். லென்ஸ் மஞ்சளாகியிருந்தால் எந்த பல்பும் உதவாது. அதை முதலில் பாலிஷ் செய்ய வேண்டும்.

வோல்ட்டேஜ் கூடினாலும் கெடுதல்தான். 5 சதவீதம் கூடினால் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு பக்கமும் அடிக்கடி போகிறது, பேட்டரியில் 15 வோல்ட் காட்டுகிறது என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்பப் போனால் அந்தப் பக்கத்து ஹோல்டர், அதிர்வு, நீர்க்கசிவு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இரண்டு டிம்மும் ஒரே நேரத்தில் அணைந்தால் ப்யூஸ், ரிலே, ஸ்விட்ச்சைப் பார்த்த பிறகு பல்புக்கு வாருங்கள்.

மாட்டும் வேலைக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஸ்பானர் கூடத் தேவைப்படாத வண்டிகளே அதிகம். சில வண்டிகளில் மட்டும் பேட்டரி குறுக்கே நிற்கும். எஞ்சினை நிறுத்தி, லைட் ஸ்விட்ச்சை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, லைட் எரிந்துகொண்டிருந்தால் 15 நிமிடம் ஆறவிடுங்கள். எரியும் ஹாலஜன் குழலின் வெளிப்புறமே சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். உள்ளே வாயு அழுத்தத்தில் இருப்பதால் கீறல் விழுந்தால் வெடித்துச் சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு வேலை செய்வது நல்லது.

பானெட்டைத் திறந்து, மூன்று முனைக் கனெக்டரைப் பிடித்து இடதும் வலதும் மெதுவாக அசைத்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெந்து ஒட்டிப்போயிருந்தால் வலுக்கட்டாயமாகப் பிடுங்காதீர்கள், ஹோல்டர் உடைந்து கையோடு வந்துவிடும். வந்ததும் அதன் உட்புறத்தைப் பாருங்கள். பழுப்பேறியோ உருகியோ இருந்தால் பல்போடு சேர்த்து பீங்கான் ஹோல்டர் ஒன்றையும் மாற்றுங்கள். அடுத்தது ரப்பர் கவர். அதன் காதைப் பிடித்து உரித்து எடுக்கலாம்.

அதன் பின்னே பல்பைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பைத்தான் நிதானமாகக் கையாள வேண்டும். கிளிப்பின் முனையை உள்ளே அழுத்தி, கொக்கியிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி விட்டால் தானாக வெளியே மடியும். எந்தப் பக்கம் மடிந்தது என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாவிட்டால் செல்போனில் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். பழைய பல்பை நேராக இழுங்கள். சாய்த்தால் உள்ளே இடிக்கும்.

புது பல்பின் கண்ணாடியை விரல் தொடவே கூடாது. உலோக அடிப்பகுதியை மட்டும் பிடியுங்கள். குழல் குவார்ட்ஸால் ஆனது. வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெயும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸைத் தாக்கும். தொட்ட இடம் வெண்மையாகிப் பலவீனப்பட்டு, வீங்கியோ விரிசல் விட்டோ போகும். தவறித் தொட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சுத்தமான பஞ்சில் நனைத்துத் துடைத்து, உலரவிட்டு மாட்டுங்கள்.

ஹெச்4 அடிப்பகுதியில் மூன்று காதுகள் உண்டு. ஒன்று அகலம், மற்ற இரண்டும் குறுகல். அகலமான காது மேலே வரும்படி செருகினால் வளையம் தட்டையாக உட்காரும். கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் சரியாக அமரவில்லை. அப்படியே கிளிப்பைப் போட்டால் டிம் வெளிச்சம் மரத்தின் மேல் விழும். கிளிப்பைக் கொக்கியில் மாட்டி, ரப்பர் கவரை "டாப்" என்ற எழுத்து மேலே இருக்கும்படி விளிம்பு முழுக்க அழுத்திப் பொருத்துங்கள். ஒரு மூலை தூக்கியிருந்தாலும் தண்ணீரும் தூசியும் நுழையும். கனெக்டரை முழுதாக உள்ளே தள்ளுங்கள். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கும் ஆசை வேண்டாம், பூச்சு கீறிவிடும்.

ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவு எரிந்தவை, மற்றதும் விரைவில் போகும். எரியும் நிலையில் உள்ள பழையதை அதன் பெட்டியிலேயே வைத்து வண்டியில் உபரியாக வைத்துக்கொள்ளலாம். பழையதைப் பார்த்தாலே காரணமும் தெரியும். உட்புறம் கறுத்திருந்தால் ஆயுள் முடிந்து போனது. வெண்புகை படிந்திருந்தால் குழல் விரிசல் விட்டுக் காற்று புகுந்தது, அதாவது விரல் பட்டதோ தண்ணீர் பட்டதோ.

கடைசியாக, வெளிச்சம் விழும் உயரத்தைச் சரிபார்ப்பது. சமதரையில், டயர் காற்று சரியாக, ஓட்டுபவர் இருக்கையில் இருக்க, ஹெட்லைட் உயரத்தை மாற்றும் திருகு சக்கரம் உள்ளே இருந்தால் அது 0-வில் நிற்க, சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். பல்பின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். பல கார்களுக்கு டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்த டேப்புக்கு 5 செ.மீ கீழே விழ வேண்டும், அதாவது 1 சதவீதச் சரிவு. உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும், சில ஹெட்லைட்டுகளில் மேலேயே பொறித்திருப்பார்கள். நம் சாலை இடப்புற ஓட்டம் என்பதால் இடது பக்கம் விளிம்பு சற்று மேலேறும். வலது பக்கம் ஏறினால் பல்ப் தப்பாக உட்கார்ந்திருக்கிறது அல்லது ஹெட்லைட் வலப்புற ஓட்டமுள்ள நாட்டுக்கானது.

செனான் ஹெட்லைட் உள்ள கார்களில் இதையெல்லாம் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். பற்றவைக்கும் நொடியில் அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.