பழைய மரப்பெட்டிக்கு அக்ரிலிக்கா, எனாமலா?

பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கியாயிற்று. சரி, எதைப் பூசுவது, தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்டா, எண்ணெய் வகை எனாமல் பெயிண்டா?

காய்வது: அக்ரிலிக் பெரும்பாலும் 1 மணி நேரத்துக்குள். எனாமலுக்கு ஓர் இரவாவது வேண்டும். அதற்குள் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும்.

தூரிகை கழுவ: அக்ரிலிக் காய்வதற்குள் தண்ணீரே போதும். எனாமலுக்கு டர்பன்டைன், கூடவே அந்த வாடை. காற்றோட்டம் இல்லாத அறையில் வேண்டவே வேண்டாம்.

நீடித்து உழைப்பது: இங்கே எனாமல்தான். கெட்டியான, பளபளப்பான பூச்சு, ஈரத்துணியால் துடைக்கலாம். அக்ரிலிக்குக்கு மேலே வார்னிஷ் அடித்தால்தான் கீறல் தாங்கும். ஆனால் வெள்ளை எனாமல், அதுவும் வெளிச்சம் படாத மூலையில், நாளடைவில் மஞ்சளடிக்கும். எனக்கு அது பிடிக்காது. அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை குறைவு.

எதைப் பூசினாலும் ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

பூவும் கொடியுமாக வரைய ஆசை என்றால் அக்ரிலிக். தினமும் கை படும் நாற்காலி, தகர டப்பா என்றால் எனாமல். எனாமல் மேல் அக்ரிலிக்கில் வரைய வேண்டுமா? உப்புத்தாளால் பளபளப்பைப் போக்கி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்துவிட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் உரிந்து வரும்.