சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், காலையில பைக் சூடு பண்றவங்க ஒரு தடவ போய்ட்டு வாங்க

என்னோடது ஹோண்டா சிபி400 ஸ்பெக் 3 பைக், இன்ஜெக்‌ஷன் வர்றதுக்கு முந்தின மாடல், நாலு கார்ப் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர்). கொஞ்ச மாசமா காலையில ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிச்சுது, ஸ்டார்ட் ஆனாலும் ஐட்லிங்ல திக்கித் திக்கி அணைஞ்சிடும். முன்னாடி போன கடையில ஆயில மட்டும் மாத்திட்டு "நல்லா சூடு பண்ணி ஓட்டுங்க, சரியாயிடும்"னு அனுப்பிட்டாங்க. நானும் அத நம்பி தினமும் சோக்க இழுத்துட்டு மல்டி ஸ்டோரி கார்பார்க்ல அஞ்சு நிமிஷம் ஓட விட்டுட்டுத்தான் கெளம்புவேன். பெட்ரோல் வேற சீக்கிரமே காலியாச்சு.

காக்கி புக்கிட் கடைய ஜொகூர்லேர்ந்து தினம் பைக்ல வர்ற அண்ணன் ஒருத்தர் பாத்துக்கறாரு. நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி துணியில வரிசையா வச்சாரு, நாலும் அடுப்புக் கரி மாதிரி கருப்பு. அப்புறம் ஆயில் டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாக்கச் சொன்னாரு, பெட்ரோல் வாடை அடிச்சுது.

"சோக்க எவ்ளோ நேரம் இழுத்து வைக்கிற தம்பி?"

"அஞ்சு நிமிஷம்ணே."

"அதான். சோக் போட்டா பெட்ரோல் கூடுதலா போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயில கழுவிக்கிட்டு கீழ எறங்கும், அப்புறம் ஆயில் எப்படி வேல செய்யும்?"

பொறுமையா வெளக்குனாரு. ஆயில் டப்பால 10டபிள்யூ-40ன்னு போட்டிருக்குல்ல, அந்த டபிள்யூ குளிர்காலத்துக்கானது, நம்ம ஊர்ல விடியக்காலையிலயே 25 டிகிரி கிட்ட இருக்கு, அந்தச் சூட்டுல ஆயில் மேல ஏற சில நொடி போதும். சோக்க கொஞ்சம் கொஞ்சமா எறக்கி, அரை நிமிஷம் இல்ல மிஞ்சிப்போனா ஒரு நிமிஷத்துல கெளம்பிடணும், மொத ரெண்டு மூணு கிலோமீட்டர் 4000 ஆர்பிஎம் தாண்டாம ஓட்டணும். நின்ன எடத்துல எஞ்சின் மட்டுந்தான் சூடாகும், டயரும் சஸ்பென்ஷனும் அப்படியேதான இருக்கும்? இன்ஜெக்‌ஷன் பைக்குக்கு சோக்கே கெடையாது, சென்சார் பாத்து அதுவே ஐட்லிங்க ஏத்தி எறக்கிக்கும்.

வண்டிய நிறுத்தி வச்சுட்டு எஞ்சின சும்மா ஓட விடறது இங்க குற்றம், என்இஏ (தேசியச் சுற்றுப்புற வாரியம்) ஃபைன் போடலாம். அதுக்கும் மேல, கீழ் மாடியில பிள்ளைங்க தூங்கற நேரம், பொகையும் சத்தமும் அவங்க வீட்டுக்குத்தான் போகுது, இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்.

கார்ப் கழட்டி கிளீன் பண்ணி நாலையும் ஒரே அளவா இழுக்கற மாதிரி சிங்க் பண்ணி, பிளக், ஆயில், எல்லாம் சேத்து 240 சிங்கப்பூர் வெள்ளி. ஆயில் ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏத்த ஆயில்னு காட்டற ஜப்பான் தரக்குறி) போட்டதான்னு டப்பாவ காட்டிட்டுத்தான் ஊத்துனாரு, கார் ஆயில் ஊத்துனா கிளட்ச் வழுக்கலாம்னாரு. பழைய பிளக்க கவர்ல போட்டு கையில குடுத்தாரு, எனக்கு அந்த நேர்ம ரொம்பப் புடிச்சுது. இப்ப ஆறு வாரம் ஆச்சு, மொத அமுக்குலயே ஸ்டார்ட், நான் ஹெல்மெட் மாட்டி கிளவுஸ் போடறதுக்குள்ள ஐட்லிங் சீராயிடுது, அப்படியே மெதுவா ராம்ப்ல எறங்கிடறேன்.

கொற என்னன்னா சனிக்கிழம கூட்டம், நான் மூணு மணி நேரம் காத்திருந்தேன், உக்கார ரெண்டே நாற்காலி, வாட்சப்புக்கும் மறுநாள்தான் பதில் வரும். வார நாள் காலையில போங்க, வண்டிய முழுசா ஆற விட்டுக் கொண்டாங்கன்னு சொல்வாரு, ஸ்டார்ட்டிங் பிரச்சனைய சூட்டுல கண்டுபிடிக்க முடியாதாம், அதனால முடிஞ்சா மொத நாள் சாயந்தரமே விட்டுட்டு வந்துடுங்க.