வாட்ஸ்அப்பில் வந்த படமா, நாமே எடுத்த படமா?

பாட்டியின் முகத்தை வரைய உட்கார்ந்தால் முதல் குழப்பம் இதுதான்: குடும்பக் குழுவில் கிடக்கும் படம் போதுமா, பாட்டி இருக்கும் சிங்கப்பூர் ஈசூன் வரை போய்ப் புதிதாக எடுப்பதா?

வெளிச்சம்
வந்த படம்: பெரும்பாலும் ஃபிளாஷ். நிழலே இல்லாமல் முகம் தட்டையாக இருக்கும்.
எடுத்த படம்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலோரம் உட்காரவைத்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்தில், மறு கன்னம் நிழலில். மூக்குத்திக்குக் கீழே விழும் சின்ன நிழல்கூடத் தெரியும். நண்பகலில் வெளியே மட்டும் வேண்டாம்; நம் ஊர் வெயில் உச்சந்தலையில் இறங்கி, கண்குழி இரண்டையும் கறுப்பாக்கிவிடும்.

முக அமைப்பு
செல்ஃபி: கை நீளத்தில் எடுத்தது. மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கும். ஒருமுறை அப்படியே வரைந்துவிட்டேன். "யாருடா இது?" என்றார் அத்தை.
எடுத்த படம்: இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம்.

தெளிவு
வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், முகத்தின் தோல் சுருக்கங்கள் மழுங்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் மூலப்படம் அப்படியே வரும்.

செலவு
எம்ஆர்டி ரயில் கட்டணம்தான்.

எண்ணெய் வண்ணத்தில் பெரிய படம் என்றால் நீங்களே எடுங்கள். மறைந்தவர் என்றால் பழைய படமே கதி. அதைச் சிறிய அளவில், பென்சிலில் வரையுங்கள். தெரியாத விவரத்தைப் பென்சில் மன்னிக்கும், எண்ணெய் வண்ணம் மன்னிக்காது.