அயோடின்-129ஐப் பிடிக்க எது: வெள்ளி மோர்டனைட்டா, டெடா கரியா, கரிமத் துளைப்பொருளா?

பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசெயலாக்கும்போது கழிவு வாயுவோடு வெளிவரும் கதிரியக்க ஐசோடோப்பு அயோடின்-129. ஒரு கிராம் கரிமத் துளைப்பொருள் (நுண்துளைகள் நிறைந்த கார்பன் சேர்மச் சட்டகம்) 5 கிராம் அயோடின் வரை ஏற்கிறது என்கின்றன ஆய்வறிக்கைகள். 10% வெள்ளி கொண்ட மோர்டனைட்டில் (துளைகள் உள்ள சியோலைட் கனிமம்) வெள்ளி முழுவதும் வெள்ளி அயோடைடாக மாறினாலும் கிராமுக்கு 118 மில்லிகிராம்தான். ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

முதல் எண் பெரும்பாலும் மூடிய குப்பியில், 75 டிகிரி செல்சியஸில், அயோடின் படிகங்களின் பக்கத்தில் பொடியை வைத்து எடுத்தது. அந்த வெப்பத்தில் ஆவியழுத்தம் 10 மிமீ பாதரசத்துக்கும் மேல். அதாவது காற்றில் 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10,000 பங்கு) தாண்டிய செறிவு. அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலையின் கழிவு வாயுவில் அயோடின் அதைவிட மிக மிகக் குறைவு. கூடவே நீராவி, நைட்ரஜன் ஆக்சைடுகள், மெத்தில் அயோடைடு. குப்பியில் பொடியின் மேற்பரப்பில் படிந்த அயோடினும் எடையில் சேர்ந்துவிடும். எடை போடுமுன் உலர் நைட்ரஜனைச் சில மணி நேரம் செலுத்துங்கள், ஒட்டிக்கொண்டிருந்தது போய்விடும். நிற்கும் எடைதான் உண்மையான கொள்ளளவு.

கரிமப் பொருள்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. இமைன் பிணைப்புள்ள (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) சட்டகத்தில் நைட்ரஜன் அயோடினுக்கு எலெக்ட்ரான் தந்து பாலிஅயோடைடாக்கும் (பல அயோடின் அணுக்கள் கோத்த அயனி), பிடிப்பு நன்று. ஆனால் நைட்ரிக் அமில ஆவி பட்டால் அதே பிணைப்பு நீராற்பகுப்பில் அறுந்து சட்டகம் குலையும். பீட்டா-கீட்டோஎனமைன் பிணைப்பு அமிலத்தைத் தாங்கும். பதிலுக்கு நைட்ரஜனின் காரத்தன்மை குறைகிறது. எங்கள் தேர்வு இரண்டாவதுதான்: பிடிப்பு சற்றுக் குறைந்தாலும் உடையாத சட்டகமே முக்கியம். மெத்தில் அயோடைடுக்குத் துளை மட்டும் போதாது; அதன் மெத்தில் தொகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் மூன்றாம்நிலை அமீன் அல்லது பிரிடின் வேண்டும்.

டெடா (டிரைஎத்திலீன்டையமீன் என்ற மூன்றாம்நிலை அமீன்) ஏற்றிய கரி அதே வேதியியலைத்தான் நம்புகிறது. மலிவு, அணுஉலைக் காற்றோட்டத்துக்குப் பழகிய பொருள். நைட்ரஜன் ஆக்சைடு மிகுந்த சூடான வாயுவில் மட்டும் வேண்டாம்: தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, டெடாவும் ஆவியாகிவிடும்.

மோர்டனைட்டை சுமார் 150 டிகிரியில் இயக்குவார்கள், நீராவி ஒடுங்காது. நைட்ரஜன் டை ஆக்சைடு வெள்ளியை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து முதுமையாக்கும், விலையும் உண்டு. ஆனாலும் வெள்ளி அயோடைடு கரையாது. அரைவாழ்வு 1.57 கோடி ஆண்டுகள் உள்ள ஐசோடோப்புக்கு அதுதான் வேண்டும். கரிமப் பொருளில் பிடித்ததோ சூடேற்றினால் வெளியேறிவிடும். புதைக்குமுன் வேறு திடவடிவத்துக்கு மாற்றியாக வேண்டும்.

ஆகவே எரிபொருளை அமிலத்தில் கரைக்கும் கரைகலத்தின் சூடான வாயுவுக்கு இன்றைக்கு மோர்டனைட். குளிர்ந்து, அமிலம் கழுவப்பட்ட பின்வரிசை வாயுவுக்குக் கரிமப் பொருளைச் சோதிக்கலாம்: பொடியாக அல்ல, குறுணையாக்கி. பொடியைத் தூணில் நிரப்பினால் அழுத்த இழப்பு ஏறி, ஓட்டமே நின்றுவிடும்.