நடக்கத் தோதான தெருவா? பாண்டி பஜாரில் நான்கு அளவுகோல்கள்

சென்னை தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே போகும் தியாகராயா சாலையில் பாண்டி பஜார் என்று அழைக்கப்படும் கடைத்தெருப் பகுதியை 2019 நவம்பரில் நடப்போர் வளாகமாகத் திறந்தார்கள். வண்டிக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கினார்கள். அங்கே நடக்க எப்படி இருக்கிறது என்று கேட்டால் கண்ணால் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். போட்ட பணம் பலன் தந்ததா, சில வருடம் போன பிறகும் அது நிற்கிறதா, அடுத்து எந்தத் தெருவை எடுப்பது என்று கேட்டால்தான் எண் வேண்டும். அந்த எண்ணை எடுக்கப் பரவலாகப் புழங்கும் வழிகள் நான்கு. ஒரே தெருவுக்கு நான்கும் வேறு வேறு பதில் தரும்.

வாக் ஸ்கோர்: தெருவைப் பார்க்காமலே வரும் மதிப்பெண்

2007-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கியது. வீட்டு முகவரியிலிருந்து மளிகை, பள்ளி, பூங்கா, உணவகம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். கால் மைலுக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் இருந்தால் முழுப் புள்ளி. தள்ளிப்போகப் போகக் குறைந்து, அரை மணி நடைக்கு மேல் பூஜ்யம். இந்தியாவுக்கு இந்தச் சேவை கிடையாது என்றாலும், திறந்த வரைபடத் தரவை வைத்து இதே கணக்கை நாமே போடலாம்.

போட்டால் பாண்டி பஜார் 2019-க்கு முன்பும் பின்பும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வாங்கும். கடைகள் முன்பும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. நடைபாதை மாறியது கணக்கில் வராது. வீடு வாங்குகிறவருக்கும், நகரத்தில் எந்தப் பகுதிக்குப் பக்கத்தில் கடையே இல்லை என்று தேடுகிறவருக்கும் இது உதவும். ஒரு தெருவை அளக்க இதை எடுக்க வேண்டாம்.

ஒன்பது அம்சக் கள ஆய்வு: மலிவு, வேகம், ஆனால் சராசரி

உலக வங்கிக்காக 2006 வாக்கில் உருவான நடை குறியீட்டை ஆசிய நகரங்களுக்கேற்ப மாற்றி அமைத்த முறை இது. பார்க்கும் ஒன்பது அம்சங்கள்: நடைபாதை இருக்கிறதா, வண்டியோடு மோதல் எவ்வளவு, கடக்கும் இடங்கள், கடக்கும்போது பாதுகாப்பு, ஓட்டுநர் நடத்தை, நிழல்-இருக்கை-விளக்கு வசதிகள், மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு, தடைகள், குற்றப் பயமின்மை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. இரண்டு பேர், ஒரு தாள், ஒரு மாலை போதும்.

இதன் கோளாறு ஒரு சின்னக் கணக்கிலேயே தெரியும். எட்டு அம்சத்துக்குத் தலா 4, மாற்றுத்திறனாளி வசதிக்கு 1 என்று வையுங்கள். கூட்டினால் 33, ஒன்பதால் வகுத்தால் 3.67, நூறுக்கு 73. எழுபதைத் தாண்டினால் நடக்க மிக உகந்த தெரு என்ற வகை. சக்கர நாற்காலி ஏறவே முடியாத தெருவுக்கு அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது! ஆகவே இந்த முறையை எடுத்தால் சராசரியோடு மிகக் குறைந்த மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் 200 மீட்டரை இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். எந்த அம்சத்திலாவது ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் 3 என்றால் என்ன, 4 என்றால் என்ன என்று உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அகலமும் ஆள் எண்ணிக்கையும்: பொறியாளர் முறை

இந்தியாவில் சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டியின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு தடையில்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தரையிலிருந்து தடையில்லாத உயரம் 2.2 மீட்டர், கல்விளிம்பின் உயரம் 150 மி.மீ.க்கு மிகாமல் என்கிறது. கடைத்தெருவுக்கு அகலம் இன்னும் கூடுதலாக வேண்டும். இதோடு நிமிடத்துக்கு, ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால் சேவைத் தரம் கிடைக்கும்: ஏ என்றால் தாராளம், எஃப் என்றால் நகர முடியாத நெரிசல். அமெரிக்க நெடுஞ்சாலைக் கையேட்டின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் 16 வரை ஏ, 23 வரை பி, 33 வரை சி, 49 வரை டி, 75 வரை ஈ, அதற்கு மேல் எஃப்.

தவறு நடப்பது அகலத்தில்தான். 3 மீட்டர் நடைபாதையில் 15 நிமிடத்தில் 600 பேர் போகிறார்கள் என்று வைப்போம், நிமிடத்துக்கு 40. மூன்றால் வகுத்தால் 13.3, தரம் ஏ. டேப்பைத் தரையில் போட்டுப் பாருங்கள். கடைப்படியும் வெளியே தொங்கும் துணியும் 0.9 மீட்டர், மின்வாரியப் பில்லர் பாக்ஸ் 0.6, அதை உரசாமல் விலகி நடக்க 0.3. மிச்சம் 1.2 மீட்டர். அதே 40 பேரை 1.2-ஆல் வகுத்தால் 33.3, தரம் டி. தெருவும் கூட்டமும் அதேதான். கழித்தோமா இல்லையா என்பதில் மூன்று படி இறங்கிவிட்டது. வரைபடத்தில் இருக்கும் அகலத்தைக் கணக்கில் எடுக்கும் அறிக்கையை நம்பவே கூடாது. ஒவ்வொரு 50 மீட்டருக்கும் மிகக் குறுகலான இடத்தைத் தேடி அளக்க வேண்டும்.

இந்த முறைக்கு இன்னொரு ஆழமான குறை உண்டு. யாரும் நடக்க முடியாத தெருவுக்கும் ஏ கிடைக்கும், ஏனென்றால் ஆளே இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு பாண்டி பஜாருக்கு மோசமான தரம் கிடைக்கும், ஆனால் கடைத்தெருவுக்கு அதுதான் உயிர். சாக்கடை நீரோட்டத்தைப் போல மனிதரைக் கணக்கிடுவதால் வரும் வினை இது.

கெல் முறை: நின்று பார்ப்பது

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் கோபன்ஹேகனில் வளர்த்த முறை. ஒவ்வொரு மணியிலும் 10 நிமிடம் எண்ணி ஆறால் பெருக்குவார்கள். நடப்பவரை மட்டுமல்ல, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், விளையாடும் குழந்தை, கைவண்டிக்காரர் எல்லோரையும் வரைபடத்தில் குறிப்பார்கள். வசதியாக நடக்க நிமிடத்துக்கு மீட்டருக்கு 13 பேர் என்பதே அவர் வைக்கும் மேல் எல்லை. பொறியாளரின் ஏ தரம் முடிகிற இடத்துக்கு முன்பே அவருக்கு நெரிசல் தொடங்கிவிடுகிறது.

பெண்கள், முதியவர், குழந்தைகள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதைச் சொல்வது இந்த நான்கில் இது ஒன்றுதான். ஆனால் ஆட்கள் நிறைய வேண்டும். பத்து நிமிடத்துக்குள் ஒரு பேருந்து வந்து கூட்டத்தை இறக்கினால் ஆறால் பெருக்கிய எண் ஊதிவிடும். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எண்ணுவதானால் 15 நிமிடமாக நீட்டுவது நல்லது. சென்னை மே மாதத்தில் மதியம் உட்கார்ந்திருப்பவர் இல்லை என்றால் இருக்கை கெட்டது என்று அர்த்தமில்லை. நிழல் எத்தனை மீட்டருக்கு விழுகிறது என்பதை 12 மணிக்கும் 3 மணிக்கும் தனியாக அளக்க வேண்டும்.

எதை எடுப்பது

நான்கு பேர், ஒரு நாள் என்றால் எங்கள் தேர்வு மூன்றாவது முறை. அதோடு நான்காவதிலிருந்து தங்குவோர் வரைபடம். கூடவே எந்தக் கையேடும் முக்கியமாகச் சொல்லாத ஒரு எண்: நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி நடப்பவர் நூற்றுக்கு எத்தனை. இருபத்தைந்து பேர் இறங்குகிறார்கள் என்றால் வேறு குறியீடே தேவையில்லை. இறங்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டுக் காரணத்தை எழுதுங்கள். பெரும்பாலும் நிறுத்திய பைக், உடைந்த ஸ்லாப், அல்லது கீழே மழைநீர் வடிகால் ஓடுவதால் முழங்கால் உயரத்துக்கு எழும்பிய மேடை. மேடை ஏறி ஒவ்வொரு கேட்டிலும் இறங்க யாருக்கும் மனம் வராது. சக்கர நாற்காலி 150 மி.மீ. ஏற, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற 1:12 சரிவுக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அதை விடச் செங்குத்தான சரிவு பைக் ஏறத்தான் உதவும்.

கருவிகள்: 5 மீட்டர் ஸ்டீல் டேப், தூரம் காட்டும் மீட்டர் வீல், இரண்டு கை கவுன்ட்டர், கைபேசி நிறுத்துக்கடிகாரம். லேசர் மீட்டரின் புள்ளி வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. கட்டடங்களுக்கு நடுவே கைபேசி ஜி.பி.எஸ். பல மீட்டர் விலகும், அதனால் இடத்தைப் பனகல் பூங்கா முனையிலிருந்து இத்தனை மீட்டர் என்று குறிப்பது பத்திரம். எண்ணுவது ஒரு வார நாள் மாலை, ஒரு ஞாயிறு மாலை. ஆடித் தள்ளுபடி வாரங்களைத் தனித் தாளில். சாலையைக் கடக்கும் நேரத்தையும் எடுங்கள். 14 மீட்டரை விநாடிக்கு 1.2 மீட்டரில் நடப்பவர் 12 விநாடியில் கடப்பார், 0.8-இல் நடக்கும் பாட்டிக்கு 17.5 விநாடி. சிக்னல் எவ்வளவு தருகிறது என்று அவருக்கு முன்னே நின்று பாருங்கள்.