ஐந்து நிமிட யோகா இடைவேளை: அரசின் ‘ஒய்-பிரேக்’ ஆபீசுக்கு ஒத்துவருமா?

ஆயுஷ் அமைச்சகத்தின் ‘ஒய்-பிரேக்’ பயிற்சித் தொகுப்புக்கு விலை கிடையாது. பாய் வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், வேலை பார்க்கும் இடத்திலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும் என்கிறார்கள். 2020 ஜனவரியில் முன்னோட்டம் பார்த்து, 2021 செப்டம்பரில் செயலியாக வெளியிட்டார்கள். மத்திய அரசு ஊழியர்கள் இதைப் பயன்படுத்தும்படி சுற்றறிக்கையும் போனது. 2023-ல் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் வடிவம் ஒன்றும் சேர்ந்தது. இந்த விமர்சனம் பெரும்பாலும் முதல் வடிவத்தைப் பற்றியது.

சரக்கு நல்ல சரக்கு. பொட்டலம் கட்டியதில்தான் கோளாறு.

உள்ளே இருப்பவை: தாடாசனம், ஊர்த்துவ ஹஸ்தோத்தானாசனம், ஸ்கந்த சக்ரம், உத்தான மண்டூகாசனம், கடி சக்ராசனம், அர்த்த சக்ராசனம், பிரசாரித பாதோத்தானாசனம், பிறகு ஆழ்ந்த மூச்சு, நாடி சோதனம், பிராமரி, கடைசியில் தியானம். தேர்வில் குறை சொல்ல எதுவுமில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடப்பவருக்கு எது இறுகுமோ அதைத்தான் குறிவைத்திருக்கிறார்கள்: தோள்பட்டை, முதுகின் மேல்பகுதி, இடுப்பு, தொடையின் பின்பக்கம். அசைவில் தொடங்கி மூச்சுக்குப் போய் அமைதியில் முடியும் வரிசையும் முறையானது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அவசரமில்லாமல் மூச்சு விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு, அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. ஐந்து நிமிடத்துக்கு முப்பது மூச்சு. பதினோரு பயிற்சிக்கு முப்பது மூச்சைப் பங்கு போட்டால் ஒன்றுக்கு மூன்று கூட வராது. ஸ்கந்த சக்ரத்தில் தோளை முன்னிருந்து பின்னாக ஐந்து சுற்று, பின்னிருந்து முன்னாக ஐந்து சுற்று, சுற்றுக்கு ஒரு மூச்சு என்று சுற்றினாலே 100 விநாடி போய்விடும். நாடி சோதனத்தில் ஒரு சுற்று என்பது இரண்டு மூச்சு: இடது வழியே இழுத்து வலது வழியே விட்டு, வலது வழியே இழுத்து இடது வழியே விடுவது. ஐந்து சுற்றுக்கு இன்னொரு 100 விநாடி. ஆக இரண்டே பயிற்சியில் 3 நிமிடம் 20 விநாடி காலி. மீதி ஒன்பதும் ஒரு நிமிடம் 40 விநாடிக்குள் முட்டி மோத வேண்டும்.

அதனால் என்ன நடக்கிறது? காணொளியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க உடம்பு ஓடும், மூச்சு பின்தங்கும். கொஞ்ச நேரத்தில் ஆள் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்குவார், குனிவார். அப்படிச் செய்தாலும் கை கால் நீவிவிட்ட சுகம் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் யோகாவிலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு எடுத்துப்போகத் தக்க முதல் பாடம், மூச்சு முன்னே போக அசைவு பின்னே வருவது. ஒய்-பிரேக்கை ஒரே மூச்சில் முடித்தால் தொலைவது அதுதான். ஜூன் 21 யோகா தினத்துக்கான பொது நெறிமுறைக்கு இதே அமைச்சகம் 45 நிமிடம் ஒதுக்குகிறது. அதில் வரும் பல பயிற்சிகளைத்தான் இங்கே ஐந்து நிமிடத்துக்குள் திணித்திருக்கிறார்கள்.

தீர்வு எளிது. தொகுப்பைப் பிரித்து மூன்று துண்டாக்கி, ஏற்கெனவே நாளில் இருக்கும் நேரங்களோடு முடிச்சுப் போட வேண்டும். மொபைலில் அலாரம் வைத்துச் செய்பவர்கள் இரண்டு வாரத்தில் அலாரத்தை அணைக்கப் பழகிவிடுவார்கள். டீ குடிக்க எழுந்திருப்பதை யாரும் மறப்பதில்லை.

முதல் துண்டு காலை 11 மணி டீக்கு முன். ஸ்கந்த சக்ரம், உத்தான மண்டூகாசனத்தின் கை அமைப்பு, கடி சக்ராசனம். தோளில் விரல் நுனிகளை வைத்து முழங்கையால் பெரிய வட்டம் போட வேண்டும். முன்பக்கம் இரண்டு முழங்கையும் ஒன்றையொன்று தொட்டால் வட்டம் சரி. பெரும்பாலோர் தோளைக் காதுவரை தூக்கி, சின்ன வட்டமாகச் சுழற்றி முடித்துவிடுவார்கள். அதில் கழுத்துத் தசைதான் வேலை செய்யும், ஏற்கெனவே இறுகியிருப்பதும் அதுதான். முழங்கை மேலே ஏறும்போது மூச்சு உள்ளே, கீழே இறங்கும்போது வெளியே. உத்தான மண்டூகாசனம் உண்மையில் வஜ்ராசனத்தில் முழங்காலை அகட்டி உட்கார்ந்து செய்வது. ஆபீசில் நின்றபடியே வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது தோளுக்குக் கீழே முதுகில் உள்ளங்கையை வைத்து, இடது கையையும் அதேபோல் வலப்பக்கம் வைத்தால் போதும். எட்டாவிட்டால் எட்டிய இடத்தில் நிறுத்தலாம். தலையை முன்னால் தள்ளி எட்ட வைப்பதுதான் தப்பு.

கடி சக்ராசனத்துக்கு இரண்டு கையையும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார்கள். க்யூபிக்கிளில் அதற்கு இடம் ஏது? ஒரு பக்கம் மானிட்டர், இன்னொரு பக்கம் அடுத்தவர் தண்ணீர் பாட்டில். கையைத் தோளில் குறுக்காக வைத்துக்கொண்டு திரும்பினாலும் இடுப்புக்கு அதே பலன்தான். பாதம் இரண்டும் முன்னோக்கியே ஊன்றியிருக்க வேண்டும். முழங்காலும் கூடவே திரும்பினால் முதுகெலும்பு திருகவே இல்லை என்று பொருள். மூச்சை விட்டுக்கொண்டே திரும்பி, இழுத்துக்கொண்டே நேராக வருவது முறை.

இரண்டாவது துண்டு சாயங்காலம் நாலு மணி வாக்கில். தாடாசனம், ஊர்த்துவ ஹஸ்தோத்தானாசனம், அர்த்த சக்ராசனம், பிரசாரித பாதோத்தானாசனம். மதியச் சாப்பாட்டை ஒட்டி இதைச் செய்யவே கூடாது. சோறு சாம்பார் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் குனிந்தால் எதுக்களிக்கும். சாப்பிட்ட பிறகு தாடாசனத்தில் கையைத் தூக்காமல் நேராக இரண்டு நிமிடம் நின்றால் போதும், அல்லது மெல்ல நடக்கலாம்.

தாடாசனத்தில் பாதங்களுக்கு நடுவே இரண்டு அங்குல இடைவெளி. விரல்களைக் கோத்து, உள்ளங்கை வெளிப்பக்கமாகத் திரும்ப, மூச்சை இழுத்தபடி கையை மேலே தூக்கி, குதிகாலை உயர்த்தி 10 முதல் 15 விநாடி நிற்க வேண்டும். செருப்பையும் ஷூவையும் கழற்றிவிடுங்கள். ஹீல்ஸில் நின்றால் குதிகால் ஏற்கெனவே உயர்ந்துதான் இருக்கிறது. எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்தால் தள்ளாட்டம் குறையும். கீழ் விலா எலும்பு முன்னால் துருத்தினால் இடுப்பு வளைகிறது என்று அர்த்தம். தொப்புளை லேசாக உள்ளே இழுத்தால் சரியாகிவிடும். ஊர்த்துவ ஹஸ்தோத்தானாசனத்தில் பக்கவாட்டில் சாயும்போது முன்னால் கவிழாமல் இருந்தால் சரி, வேறு சிக்கல் இல்லை.

இந்தக் கட்டத்தில் உடை குறுக்கே வரும். காணொளியில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பல பேர் இரண்டாம் நாளே நிறுத்துவது இதனால்தான். சட்டையை டக்-இன் செய்தவர் கையைத் தூக்கினால் சட்டை பேண்டை விட்டு வெளியே வரும். அடுத்த மீட்டிங்குக்கு முன் மறுபடி சரிசெய்ய வேண்டும். அக்குள் இறுக்கமாகத் தைத்த ஜாக்கெட் போட்டவருக்குக் கை காதைத் தாண்டாது. மீறித் தூக்கினால் தையல் விடும். பிரசாரித பாதோத்தானாசனத்துக்காகப் புடவையில் காலை மூன்றடி அகட்டிக் குனிவது நடக்காத காரியம். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு குனியும்போது மூக்கில் இடிக்கும், சட்டைப் பை மொபைல் தரையில் விழும். எனவே முதலில் கார்டும் மொபைலும் மேசைக்குப் போகட்டும். கை ஏறாதவர்கள் முழங்கையை மடக்கித் தலைக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொள்ளலாம். பிரசாரிதத்துக்கு மாற்று, மேசை விளிம்பு. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, பின்னால் நடந்துபோய், இடுப்பு மடிப்பிலிருந்து வளைந்து, முதுகைத் தரைக்கு இணையாக நீட்டி நான்கு மூச்சு. முழங்காலை லேசாக மடக்கிக்கொள்ளலாம். புடவையிலும் செய்யலாம், காலுறையோடு டைல்ஸ் தரையில் வழுக்கும் பயமும் இல்லை. மேசை நகராத மேசையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அர்த்த சக்ராசனத்தில் கவனம் தேவை. கையை இடுப்பின் பின்பக்கம் ஊன்றி, மூச்சை இழுத்தபடி மார்பை மேலே தூக்கிப் பின்னால் வளைவது. வளைவு மேல் முதுகிலிருந்து வர வேண்டும். ஆனால் எல்லாரும் முதலில் தலையைத்தான் பின்னால் தொங்கவிடுவார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம், தலைசுற்றல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலையைத் தொங்கவிடவே கூடாது. பார்வை எதிர்ச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இருந்தால் போதும். பின்னால் சக்கரம் வைத்த நாற்காலி இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை கீழே போகும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரிடம் கேட்காமல் இந்தத் துண்டைத் தொட வேண்டாம்.

மூன்றாவது துண்டு மூச்சு. ஒய்-பிரேக்கில் காசு கொடுத்தாவது வாங்கலாம் என்று சொல்லத் தக்க பகுதி இதுதான். அதே சமயம் ஆபீசில் செய்யக் கூச்சப்பட வைப்பதும் இதுதான். திறந்த ஹாலில் நாற்பது பேர் நடுவில் யார் வண்டு மாதிரி ரீங்காரம் போடுவார்கள்? பிராமரியைக் கிளம்பும் நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள். கார் வைத்திருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டியை எடுப்பதற்கு முன் ஐந்து முறை செய்யலாம். மற்றவர்களுக்கு ஆளில்லாத மாடிப்படி இருக்கிறது. உதடு மூடி, பல் ஒன்றையொன்று தொடாமல், மூச்சை விடும்போது ‘ம்’ என்று தாழ்ந்த சுருதியில் இழுக்க வேண்டும். சத்தம் பெரிதாக இருக்கத் தேவையில்லை, நீளமாக இருந்தால் போதும். ரீங்காரம் நீள நீள வெளிமூச்சு நீள்கிறது, நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பை மட்டுப்படுத்துகிறது. பிராமரியின் சூட்சுமத்தில் பெரும்பங்கு இதுதான். காதில் சீழ், வலி இருந்தால் பிராமரியைத் தவிர்த்துவிடுங்கள்.

நாடி சோதனத்தை இடத்தில் உட்கார்ந்தே செய்யலாம். வலது கைப் பெருவிரல் வலது மூக்குக்கு, மோதிர விரல் இடது மூக்குக்கு. அழுத்தி மூட வேண்டாம், மூக்கின் பக்கத்தை விரல் தொட்டு அடைத்தால் போதும். முழங்கையை மேசையில் ஊன்றிக் குனிந்தால் மார்பு சுருங்கிவிடும், நிமிர்ந்தே இருக்கட்டும். சானிடைசர் போட்ட கையோடு தொடங்கினால் மூன்று மூச்சு வரை ஆல்கஹால் வாசனைதான் ஏறும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவது மேல். ஒரு மூக்கு அடைத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். மூக்கின் இரு துளைகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றித்தான் திறக்கும். வலிந்து இழுக்காமல் கிடைக்கும் காற்றோடு தொடரலாம். சளி பிடித்திருக்கும் நாளில் விட்டுவிடலாம். எண்ணிக்கை 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுவதில் தொடங்கட்டும். மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கும் கும்பகத்தை ஆபீஸ் நாற்காலியில் தானாக முயல வேண்டாம்.

தியானத்துக்கு இந்தத் தொகுப்பில் கிடைக்கும் நேரத்தில் கண்ணை மூடித் திறக்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பதில் இன்னொன்றைப் பழகினால் பலன் கூட: போன் அடிக்கிறது, எடுப்பதற்கு முன் ஒரு முழு வெளிமூச்சு. காரசாரமான மெயிலுக்குப் பதில் அடித்தாயிற்று, அனுப்பும் பொத்தானை அமுக்கும் முன் மூன்று வெளிமூச்சு. நேரம் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

காணொளியைப் பற்றி ஒரு வார்த்தை. கற்றுக்கொள்ள இரண்டு மூன்று தடவை பாருங்கள், அதோடு மூடிவிடுங்கள். ஏற்கெனவே எட்டு மணி நேரம் திரையைப் பார்த்த கண்ணுக்கும் கழுத்துக்கும் இடைவேளையிலும் இன்னொரு திரை எதற்கு? அதிலும் மொபைலை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே செய்தால், பக்கவாட்டில் சாயும்போதும் கழுத்து திரையை நோக்கித் திருகியே நிற்கும்.

நாற்காலி வடிவம் முழங்கால் வலிக்காரர்களுக்கும், எழுந்து நின்றால் எல்லாரும் பார்ப்பார்களே என்று தயங்குபவர்களுக்கும் ஏற்றது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவரை மறுபடி உட்கார வைப்பதால், நிற்க முடிந்தவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அதையே செய்வதென்றால் சக்கரம் வைத்த நாற்காலியைச் சுவரோடு முட்டுக் கொடுத்து, முதுகுச் சாய்மானத்தை விட்டு முன்னால் நகர்ந்து, பாதம் முழுவதும் தரையில் பதியும்படி இருக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் கால் எட்டாவிட்டால் ஏ4 பேப்பர் கட்டு இரண்டை அடியில் போடலாம்.